கால் போட்டோ அக்கா

கேமரா ஸ்டாண்டின் குமிழைத் தளர்த்துவதற்கு முன்னால் ஆரோக்கியமேரி கண்களை மூடிக்கொள்கிறாள். இடது உள்ளங்கை லென்ஸுக்குக் கீழே, அதைத் தொடாமல், ஒரு விரற்கடை விட்டு நிற்கிறது. வலது கையின் இரண்டு விரல்கள் குமிழைக் கால் சுற்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்புகின்றன. லென்ஸின் முன்பக்கம் தாழத் தொடங்கும் நொடியை அவள் பார்ப்பதில்லை, விரலில் வாங்கிக்கொள்கிறாள். உடனே இறுக்கிவிட்டுக் கண்ணைத் திறக்கிறாள்.

"இது சொல்லாம வுழுது."

"சொல்லிட்டு வுழுற ஹெட்டு எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யலக்கா" என்றான் தபரேஸ்.

ஆம்பூர் பஜாரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் தபரேஸ் கேமரா வாடகைக் கடை வைத்திருக்கிறான். கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் லைட்டும் ஸ்டாண்டும் எடுத்துப் போவார்கள். பழுதானதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிப் போவார்கள். டிரைபாடின் மூன்று கால்களும் கூடுகிற இடத்தில், கேமராவைத் தாங்கித் திருப்புகிற பகுதிக்குத்தான் ஹெட் என்று பெயர். கல்யாண வீட்டுக் கேமராவுக்கு எந்த ஹெட்டும் போதும். ஒரு ஹெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் தடவிப் பார்க்கிற வாடிக்கை அவனுக்கு மேரி ஒருத்திதான்.

அவளுடைய லென்ஸ் அப்படிப்பட்டது. ஐந்நூறு எம்.எம்.; கேமராவோடு சேர்த்தால் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. காவேரிப்பாக்கம் ஏரியில் பல வருடம் நாரைகளை எடுத்துக்கொண்டிருந்த வேலூர்க்காரர் ஒருவர், இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அவளுக்கு விற்றது. அதனுடன் வந்த பெட்டியே தனிக் கனம் என்று பெட்டியை வீட்டில் வைத்துவிட்டாள். லென்ஸைக் கணவரின் பழைய லுங்கியில் சுற்றி, பிளாஸ்டிக் வயர் கூடையில் வைத்து, மேலே நாலு முருங்கைக்காயைச் செருகிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருவாள். "முருங்கக்காயத் திருடறவன் ஆம்பூர்ல இல்ல" என்பாள்.

வேலை நாட்களில் அவள் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் நிற்கிறாள். பதினேழு வருடம். மேஜையில் விரித்துப் போட்ட தோலைக் கையால் தடவி, உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த தழும்பு, கழுத்துச் சுருக்கம் எல்லாவற்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டமிட வேண்டும். மிச்சமுள்ள இடத்தில் எத்தனை ஜோடி வெட்டலாம் என்று சொல்ல வேண்டும். கண் தப்பினாலும் அவள் விரல் தப்பாது என்று பிரிவில் பேர். அந்தப் பழக்கம் ஞாயிற்றுக்கிழமையிலும் விடுவதில்லை. எருது விடும் தெருவில் ஓட நிற்கிற காளையைப் பார்த்தால் மற்றவர்கள் திமிலைப் பார்ப்பார்கள். இவள் விலாவைப் பார்த்து, "வலது பக்கம் முள்ளு ஜாஸ்தி, செகண்டு செலக்‌ஷன்" என்று முணுமுணுப்பாள். ஒருமுறை அது மாட்டுக்காரர் காதில் விழுந்து, அவர் அவளுடைய கம்பெனி, சாதி சனம் எல்லாவற்றையும் இழுத்துப் பேசிவிட்டார். அதிலிருந்து மனசுக்குள் மட்டும் தரம் பிரிக்கிறாள்.

வீட்டில் வேறொரு பழக்கம். இரும்பும் இரும்பும் நேராகத் தொடுகிற இடம் அவள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கதவுக் கொண்டிக்கு அடியில் தோல். கிரைண்டரின் கால்களுக்கு அடியில் தோல். ஸ்டவ், கட்டில் மூலை, சைக்கிள் கேரியர், எல்லாவற்றிலும் கம்பெனியில் மிஞ்சிய துண்டுத்தோல் சதுரமாக வெட்டிச் செருகப்பட்டிருக்கும். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இப்படித்தான். எது ஆடினாலும், எது சத்தம் போட்டாலும் முதலில் ஒரு துண்டுத்தோல்தான் தேடுவார்கள். மேரியிடம் அது கொஞ்சம் கூடுதல். இரும்பு இரும்பின் மேல் உரசினால் அவளுக்குப் பல் கூசும்.

பொங்கல் முடிந்ததும் இங்கே எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடும். பங்குனி வரை ஞாயிறுக்கு ஓர் ஊர். மாட்டை யாரும் பிடித்து அடக்குவதில்லை. தெருவின் இரு பக்கமும் சவுக்குக் கட்டை கட்டியிருப்பார்கள். ஒரு முனையில் அவிழ்த்துவிட்ட மாடு மறுமுனைக் கோட்டை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் போட்டி. எட்டு நொடி, ஒன்பது நொடி, அதற்குள் முடிந்துவிடும். கட்டையோரம் ஆண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். பெண்கள் மொட்டைமாடிகளில். யாரும் பலகை எழுதி மாட்டவில்லை, ஆனால் அப்படித்தான். மேரி நிற்க முடிகிற மாடியிலிருந்து தெருவின் நடுப்பகுதி இருநூறு அடி. அந்த இருநூறு அடியைக் கடக்கத்தான் இவ்வளவு பெரிய லென்ஸ். இது அவளுடைய ஆசையா, வேறு வழி இல்லாததால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். கேட்டால் அவளுக்கு ஒரே பதில். "மேலேர்ந்து பாத்தாதான் மாடு முழுசா தெரியும். கீழ நிக்கறவங்களுக்கு மாட்டு வாலு, பக்கத்து ஆளு அக்குளு, அவ்ளோதான்."

ஓடும் மாட்டின் பின்னாலேயே இவ்வளவு நீளமான லென்ஸைத் திருப்பிக்கொண்டு போவது லேசான வேலை இல்லை. அதனால் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். முதல் நாலைந்து மாடுகளை வெறுமனே பார்ப்பாள். எந்த இடத்தில் அவை முழு வேகம் எடுத்து நாலு காலும் தரையை விடுகின்றன என்று குறித்துக்கொள்வாள். அந்த இடத்துக்கு நேராக லென்ஸை நிறுத்திக் குமிழ்களை இறுக்கிவிடுவாள். அதன் பிறகு கேமராவில் கண் வைப்பதே இல்லை. வெறுங்கண்ணால் தெருவைப் பார்த்துக்கொண்டு, மாடு அந்த இடத்துக்கு வரும்போது விரலை அழுத்துவாள். அதற்கு அவள் வைத்த பெயர் 'எடம் கட்றது'. கட்டிய இடத்தில் லென்ஸ் அப்படியே நின்றால் இந்த வழியில் குறை ஒன்றும் இல்லை.

போன வருடம் நிற்கவில்லை.

ஆலங்காயம் போகிற வழியில் ஓர் ஊர். அங்கே ரத்தினசாமியின் காளை ஓடியது. ரத்தினசாமி தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். காளையின் பெயரும் தபால். கன்றாக இருந்தபோது எங்கே கட்டினாலும் அறுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றதால் வைத்த பெயர். அன்றைக்கு தபால் எட்டரை நொடியில் ஓடி முதல் பரிசு வாங்கியது. மேரியின் கேமராவில் பதினோரு படங்கள். பதினொன்றிலும் நாலு கால்கள், வயிற்றின் அடிப்பக்கம், கொஞ்சம் புழுதி. கொம்பும் இல்லை, திமிலும் இல்லை. லென்ஸ் எப்போதோ, அவளுக்குத் தெரியாமல், தாழ்ந்துவிட்டிருந்தது.

ரத்தினசாமி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிப் படத்துக்கு வந்ததும் கேட்டார்: "ஏம்மா, என் மாட்டுக்கு ஒடம்பு வெக்க மறந்துட்டியா?"

மைக்கில் அறிவிப்புச் செய்கிறவர் பக்கத்தில் நின்றிருந்தார். அடுத்த வாரம் வேறோர் ஊரில் மேரி மாடியேறியதைப் பார்த்துவிட்டார். "மேல நம்ம கால் போட்டோ அக்கா வந்துட்டாங்க. மாட்டுக்காரங்கல்லாம் மாட்டுக்குக் கால நல்லா கழுவி வுடுங்க." தெரு முழுக்கச் சிரித்தது. மேரியும் சிரித்தாள், மாடியில் இருந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால். அந்தப் பெயர் அந்த வருடத்து விழாக்கள் முடிந்தும் போகவில்லை.

இந்த வருடம் தையிலேயே தபரேஸிடம் வந்தாள். கோளாறு ஹெட்டில் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இருக்கிற மூன்று வகையையும் வாரம் ஒன்றாக எடுத்துப் போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு.

முதல் வாரம் பால் ஹெட். ஒரு கிண்ணத்துக்குள் பந்து, ஒரே குமிழ். தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சுழலும், இறுக்கினால் நிற்கும், நடுவில் ஒன்றும் கிடையாது. சொல்லாமல் விழுகிறது என்று அவள் சொன்னது இதைத்தான். இரண்டாவது வாரம் வீடியோக்காரர்களின் ஃப்ளூயிட் ஹெட். உள்ளே கெட்டியான எண்ணெய் இருப்பதால் பாகு கிளறுவது போல ஒரே சீராகத் திரும்பும். "நல்லாத்தான் இருக்குது. ஆனா மாடு கெளம்பி ரெண்டு வூடு தாண்டுன அப்பறமா இது கெளம்புது." மூன்றாவது வாரம் கிம்பல். மடக்கிய முழங்கை போல ஓர் இரும்புக் கை. அதில் லென்ஸை ஊஞ்சலில் வைப்பது போல வைத்து, முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சமப்படுத்திவிட்டால் ஒரு விரலால் தூக்கலாம், ஒரு விரலால் இறக்கலாம்.

மூன்று வாரமும் மூன்று ஊர். காலையில் எடுத்த படங்கள் நன்றாக இருந்தன. உச்சி வெயில் ஏறியதும் மூன்று ஹெட்டிலும் கட்டிய இடம் மாறி, மாடுகளுக்கு மறுபடியும் கால்கள் மட்டும் மிஞ்சின.

"மூணு ஹெட்டும் ஒரே நோவுல சாவுமாக்கா?" என்று கேட்டான் தபரேஸ். அவனுக்கும் மனத்தாங்கல் இருந்தது. "என் கடச் சாமான் மட்டம்னு செந்தில்குமாருகிட்ட சொல்லிக்கிறீங்க. அவன் இப்ப வேலூர்ல போய் ஸ்டாண்டு எடுக்கறான்."

செந்தில்குமார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். "நான் பாத்ததச் சொன்னேன்" என்றாள் மேரி. வயர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆலங்காயம் பக்கத்து ஊர் விழாவுக்கு நாலு நாள் இருந்தது. ரத்தினசாமி கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். ஷிப்டு முடிந்து நானூறு ஐந்நூறு பெண்கள் கம்பெனி பஸ்களை நோக்கி நடக்கிற நேரம். குடையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கு எதிரே நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரோக்கியமேரி." விலாசம் படிப்பது போல முழுப் பெயரையும் சொன்னார்.

"போஸ்ட்மேன் அண்ணா. இன்னா இவ்ளோ தூரம்?"

"ஞாயித்துக்கெழம தபால் ஓடுது."

"நோட்டீஸ் பாத்தேண்ணா."

"நோட்டீஸ்ல இல்லாதது ஒண்ணு. அதுக்கு இதான் கடசி ஓட்டம். வயசாயிடுச்சி. அடுத்த வருஷத்துலேர்ந்து வூட்டுல நிக்க வெச்சித் தீனி போடப் போறேன்." குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ஏழு வருஷமா ஓடுது. எங்கிட்ட உருப்படியா ஒரு படம் இல்ல. பசங்க செல்லுல எடுக்கறதுல பூரா கூட்டந்தான். ஒடம்போட வேணும். நாலு காலும் அந்தரத்துல இருக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும்."

"வேற யாரயாச்சும் கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்காம இருப்பனா? எல்லாம் கீழ நிக்கறவனுங்க." கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படவில்லை. "நீ கெடுத்த. நீயே குடு."

"தர்றேண்ணா" என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், எதை நம்பிச் சொன்னோம் என்ற கேள்வி வந்தது. ஒன்பது நொடி. இரண்டாவது தடவை அவிழ்த்துவிடச் சொல்ல முடியாது. கையில் நம்பக்கூடிய ஹெட் ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனிக்கு ஒரு லாட் தோல் சரியாகக் காயாமல் வந்தது. மேரி மேல் தோலை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, வெட்டாமல் ஒதுக்கி வைத்தாள். சூப்பர்வைசர் வந்தார்.

"ஷிப்மென்ட் இருக்குது மேரி. தொட்டுத் தொட்டுப் பாக்காத. வெட்டு."

"வெட்டலாம் சார். நாளைக்கு நீங்களே திட்டுவீங்க. ஈரத்துல வெட்டினா இப்ப அளவு கரெக்டா இருக்கும். காஞ்சா உள்ள இழுத்துக்கும். நாம வுட்ட எடத்துல அது நிக்காது, எடம்..."

பேச்சு அங்கேயே நின்றது. வெள்ளிப் பேனா கையில் அப்படியே இருந்தது. சூப்பர்வைசர் அவள் முறைப்பதாக நினைத்துக்கொண்டு, "சரி சரி, நாளைக்கு வெட்டு" என்று நகர்ந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

லென்ஸின் அடியில் ஒரு கால் இருக்கும். அந்தக் காலை ஒரு சின்ன இரும்புத் தட்டில் வைத்துத் திருகி, தட்டைத்தான் ஹெட்டில் மாட்டுவார்கள். ஹெட்டை மாற்றினாலும் தட்டு அதேதான். லென்ஸ் வாங்கிய முதல் வாரத்திலேயே மேரி அந்தக் காலுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு துண்டுத்தோல் வைத்திருந்தாள். இரும்பு இரும்பைத் தொடக் கூடாதே. வெறுமனே வைக்கவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் காலையில், கம்பெனியில் செய்வது போல, ஈரத்துணியால் அந்தத் தோலைத் துடைத்துப் பதப்படுத்தி, பிறகு திருகை முறுக்குவாள். ஈரம் காட்டினால் தோல் உட்காரும். உட்கார்ந்து காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். ஷூவுக்கு உருவம் கொடுக்கிற கால் அச்சில் அப்படித்தான் நடக்கிறது.

கால் அச்சில் நடப்பது வேறு. அச்சைச் சுற்றி இழுத்துக் கட்டிய தோல் காய்ந்தால் அச்சை இறுக்கும். இரண்டு இரும்புக்கு நடுவில் படுத்திருக்கிற தோல் காய்ந்தால் மெலியும். மெலிந்து இடம் விடும். காலையில் இறுக்கமாக இருந்த திருகு உச்சி வெயிலில் தானாகவே லொடலொடத்திருக்கிறது. அங்கே ஒரு நகக்கண் அளவு ஆடினால், இருநூறு அடிக்கு அப்பால் மாட்டின் பாதி உடம்பு போய்விடும். தோலைப் பற்றி ஒன்றும் தெரியாத எவரும் அங்கே தோலை வைத்திருக்கப் போவதில்லை.

அன்று மாலை அவள் தபரேஸ் கடை மேஜையில் ஒரு கறுத்த சதுரத்தைப் போட்டாள். ஓரங்கள் சுருண்டிருந்தன. நடுவில் திருகின் வட்டம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"இன்னாக்கா இது?"

"மூணு ஹெட்டயும் சாவடிச்ச நோவு."

அவன் அதை எடுத்து வளைத்துப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். மெதுவாக விளங்கியது. "இத உள்ள வெச்சா மேல அஞ்சு கிலோவ ஏத்தினீங்க?"

"வெச்சி, ஈரம் காட்டி, முறுக்குனேன்."

"யாருக்கா சொல்லிக் குடுத்தா?"

"பதினேழு வருஷ சர்வீசு."

தபரேஸ் சிரிக்கத் தொடங்கினான். அடக்கிப் பார்த்து முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். "எங்கப்பா சீலிங் ஃபேனுக்குத் தோல் வெச்சாரு. வேகமா வெச்சா வூடே ஆடும். நாங்கல்லாம் செவுத்தோரமாப் படுப்போம்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப என் ஹெட்டு?"

"மூணும் யோக்கியம்."

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?"

மேரி அங்கேயே போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். "செந்தில்குமாரா? மேரி பேசறேன். தபரேஸ் கட ஹெட்டு மட்டம்னு சொன்னேன்ல? மட்டம் அது இல்ல. நாந்தான்." அந்தப் பக்கம் இன்னாக்கா, இன்னா ஆச்சு என்று கேட்கக் கேட்க வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையில் தேர்வு தொடங்கியது. குற்றம் எதுவும் இல்லாத மூன்று ஹெட்டுகள் மேஜையில் இருந்தன. தபரேஸ் தட்டையும் லென்ஸின் காலையும் துடைத்து, நடுவில் ஒன்றும் வைக்காமல், நழுவாமல் இருக்கத் திருகை நன்றாக முறுக்கினான். இரும்பு இரும்பில் உட்கார்ந்த சத்தத்துக்கு மேரி தோளைக் குறுக்கிக்கொண்டாள். கண்ணை மூடி ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தாள்.

"எடம் கட்றதுன்னா பால் ஹெட்டே போதும்க்கா. சின்னது. மாடில எடம் அடைக்காது. இப்ப சாயவும் சாயாது."

அது சரிதான். இறுக்கிவிட்டுப் பார்த்தாள், அசையவில்லை. பழகிய வழி. ஆனால் அவள் கை குமிழிலேயே இருந்தது. தபாலுக்கு வயதாகிவிட்டது. மற்ற மாடுகள் எழும்பும் இடத்தில் அதுவும் எழும்பும் என்று யார் சொன்னது? முன்னாலேயே எழும்பலாம், தாமதித்தும் எழும்பலாம். இடம் கட்டுவதைத் தன்னுடைய திறமை என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். லென்ஸ் விழுந்துவிடுமோ என்று பயந்த கை கண்டுபிடித்த வழியாகவும் அது இருக்கலாம் என்று இப்போது தோன்றியது. எது உண்மை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"கிம்பலக் குடு" என்றாள்.

"அது பூட்டி வெக்கறதுக்கு இல்லக்கா. கையோட போறதுக்கு."

"தெரியும்."

சனிக்கிழமை மாலை முழுவதும் அவள் வீட்டு மொட்டைமாடியில் நின்று, தூரத்து நெடுஞ்சாலையில் போகிற வண்டிகளைத் துரத்திக்கொண்டிருந்தாள். லாரி சுலபம். கம்பெனி பஸ் சுலபம். பைக்கில் போகிறவனின் ஹெல்மெட்டைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கணவர் மேலே வந்து பார்த்தார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர் அவர். "என் வண்டியயும் எடுத்தியா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஞாயிறு முதல் பூசைக்குப் போய்விட்டு அங்கிருந்தே பஸ் ஏறினாள். விழா ஊரில் அவளுக்கு வழக்கமான மாடி சுந்தரி என்பவளுடையது. ஏற்கெனவே இருபது முப்பது பெண்கள் இருந்தார்கள்.

"வா மேரி. இந்த வருஷம் வயித்துக்கு மேல எதுனா வருமா?" என்றாள் சுந்தரி.

"கொம்பு வரிக்கும் வரும். இப்பிடி நகுந்து உக்காரு, என் கை சொழலணும்."

கிம்பலுக்குத் தரை மட்டம் வேண்டும். மாடியின் ஓரம் மழைத்தண்ணீர் ஓடச் சரிவாக இருந்தது. டிரைபாடின் ஒரு காலை நீட்டி, ஒரு காலைக் குறைத்து, ஹெட்டில் இருக்கும் ரசமட்டத்தின் நீர்க்குமிழி நடுவில் நிற்கும் வரை விட மாட்டேன் என்று முழங்காலிட்டுச் சரி பார்த்தாள். மைக்கில் வழக்கமான வரவேற்பு வந்தது. கால் கழுவச் சொன்னார்கள். தெரு சிரித்தது. இந்தத் தடவை அவள் நிமிரவே இல்லை.

தபாலுக்கு முன்னால் அறுபது மாடுகளுக்கு மேல் ஓடின. ஒன்றையும் அவள் தவறவிட்டதாகச் சொல்ல முடியாது, ஒன்றையும் முழுசாகப் பிடித்ததாகவும் சொல்ல முடியாது. சில படங்களில் முகம் போயிருந்தது, சிலவற்றில் வால். உச்சி வெயில் வந்தது. திருகைத் தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை. ஆக, இனிப் பழி போட ஒன்றும் இல்லை, கை மட்டும்தான்.

"அடுத்து தபால்" என்றது மைக். "ஸ்டாம்பு ஒட்டியாச்சு. முத்திர குத்தியாச்சு. வருது, வருது."

வரவில்லை. அவிழ்த்துவிட்ட இடத்திலேயே தபால் நின்றது. கூட்டம் ஓவென்று கத்தியது. அது தலையை ஒரு தடவை அசைத்துவிட்டு, ஏதோ யோசனையில் இருப்பது போல நாலடி நடந்தது. "தபால் இன்னிக்கி லேட்டு" என்றது மைக். ரத்தினசாமி கட்டைக்குப் பின்னால் இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கியது. மற்ற மாடுகள் எழும்பிய இடத்தைச் சாதாரண ஓட்டத்தில் கடந்து போயிற்று. மேரியின் கண் கேமராவை விட்டு எழவில்லை. கட்டத்துக்குள் கொம்பு, திமில், காற்றில் பறக்கிற மூக்கணாங்கயிறு. கை தானாகவே போய்க்கொண்டிருந்தது. தள்ளுகிறோம் என்பதே தெரியவில்லை. கோட்டுக்கு இருபது அடி முன்னால், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், தபாலின் முதுகு வில்லாக வளைந்தது. விரலை அழுத்தி, எடுக்காமல் வைத்திருந்தாள்.

பதினெட்டு நொடி என்று மைக்கில் சொன்னார்கள். பரிசுப் பட்டியலில் அதற்கு இடம் இல்லை.

ரத்தினசாமி மாடிப்படி ஏறி வந்தார். கடைசிப் படியில் நின்றார். அதற்கு மேல் பெண்கள். சுந்தரி நகர்ந்து வழி விட்டாள். அவர் மேரியின் பக்கத்தில் வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேரி படங்களைத் தள்ளித் தள்ளி, நாலு காலும் அந்தரத்தில் இருந்த ஒன்றில் நிறுத்தியிருந்தாள். கேமராவின் பின்பக்கத்தை அவர் பக்கம் திருப்பினாள். அவர் குனிந்தார். வெயில் நேராக விழுந்ததால் கேமராத் திரை வெள்ளையாக மின்னியது.

"ஒண்ணும் தெரியலியேம்மா."

"துண்டக் குடுங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை வாங்கி, அவர் தலைக்கும் கேமராவுக்கும் சேர்த்துக் கூடாரமாகப் பிடித்தாள். உள்ளே அவர் இன்னும் கிட்டே குனிவது துணியின் அசைவில் தெரிந்தது. ஒரு விரல் வெளியே வந்து கேமராவின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது. சுந்தரி இன்னா, இன்னா என்று கண்ணால் கேட்டாள்.

கீழே அடுத்த மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். கூட்டம் கத்தியது, மாடியில் எல்லோரும் சுவரோரம் ஓடினார்கள். அந்த மாடு ஓடி முடிந்து, அதற்கு அடுத்த மாட்டின் பெயரும் வந்துவிட்டது. துணிக்குள்ளிருந்து அவர் தலையை எடுக்கவில்லை. மேரிக்குத் தோள்கள் கடுத்தன. அவள் கைகளை இறக்கவில்லை.